ஆச்சி மனோரமாவின்ர முதல் படம் தமிழ்ப் படமே இல்லை! அப்ப என்ன மொழி?

வணக்கம் உறவுகளே. ஆயிரம் படத்துக்கு மேல நடிச்சு கின்னஸ் புத்தகத்தில ஏறின ஒரு நடிகை, முதன்முதலா கமராவுக்கு முன்னால வந்து நிண்டது தமிழ்ப் படத்துக்காக இல்லை. சிங்களப் படத்துக்காக! ஓம், ஆச்சி மனோரமாவைத்தான் சொல்லுறன். கொழும்பில இருக்கிற எங்களுக்கே கனபேருக்கு இது தெரியாது.

அது எப்பிடி நடந்தது? அந்தக் காலத்துச் சிங்களப் படங்கள் கனக்க தமிழ்நாட்டிலதான் எடுத்தவை. முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுணு பொரொந்துவ'. மதுரையில எடுத்து, 1947 ஜனவரி 21ஆம் திகதி எங்கட கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில திரையிட்டவை. ஸ்டூடியோவும் ஒலிப்பதிவும் அங்க எண்டால், ஆட்டக்காரரும் தோழி வேசத்துக்கு ஆக்களும் அங்கயே கிடைப்பினம்தானே. அப்பிடித்தான் நாடகத்தில நடிச்சுக்கொண்டிருந்த 20 வயசுப் பிள்ளைக்கு ஒரு சிங்களப் படத்தில கதாநாயகியின்ர தோழி வேசம் கிடைச்சது.

[திரையில்: தமிழ்நாட்டு வரைபடம். மன்னார்குடி, பள்ளத்தூர், சென்னை]

வாழ்க்கைக் கதையைக் கடகடவெண்டு சொல்லிப்போட்டு விசயத்துக்கு வாறன். பிறந்தது 1937 மே 26, மன்னார்குடி. சொந்தப் பெயர் கோபிசாந்தா. தகப்பன் கைவிட்டதால தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்குப் போயிட்டா. அங்க நாடகம், பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரன்ர நாடகக் குழு. 1958இல கண்ணதாசன் தயாரிச்ச 'மாலையிட்ட மங்கை' முதல் தமிழ்ப் படம். நாடகத்தில கதாநாயகியா நடிச்ச பிள்ளை, நகைச்சுவை வேசம் எண்டதும் தயங்கியிருக்கிறா. கதாநாயகியெண்டால் கொஞ்ச வருசம்தான் நிப்பாய், நகைச்சுவையெண்டால் காலத்துக்கும் நிப்பாய் எண்டு சொல்லிச் சம்மதிக்க வைச்சது கண்ணதாசன். அவர் சொன்னது பலிச்சது. அண்ணாவோடயும் கலைஞரோடயும் நாடகம், எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி.ஆரோட சினிமா எண்டு அஞ்சு முதலமைச்சர்மாரோட நடிச்சிருக்கிறா. 'புதிய பாதை' படத்துக்கு தேசிய விருது, 2002இல பத்மஸ்ரீ. 2015 ஒக்டோபர் 10ஆம் திகதி சென்னையில காலமானா.

இனித்தான் முக்கியமான விசயம். வீடியோவைத் தள்ளிப் பார்க்கிற ஆக்கள் இந்த இடத்தில நிப்பாட்டுங்கோ.

அந்த மூண்டு ஊரையும் திருப்பிப் பாருங்கோ. மன்னார்குடி தஞ்சாவூர்ப் பக்கம். பள்ளத்தூர் செட்டிநாடு. பிறகு சென்னை. மூண்டு இடத்திலயும் மூண்டு விதமான தமிழ். மனோரமாவின்ர நகைச்சுவை முகத்தைக் கோணுறதில இல்லை, விழுந்தெழும்புறதிலயும் இல்லை. வினைச்சொல் முடியிற இடத்திலதான் இருக்கு!

1967இல வந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில நாகேசோட வாற பாட்டு, 'முத்துக்குளிக்க வாரீகளா'. தூத்துக்குடித் தமிழ். திரையில மனோரமா, குரல் எல்.ஆர்.ஈஸ்வரி. இப்ப அந்த 'வாரீகளா'வை ஒருக்கா வாயால சொல்லிப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில என்ன சொல்லுவம்? 'வாறியளோ?' கிட்டத்தட்ட ஒண்டுதானே!

[திரையில் பெரிய எழுத்தில்: வருகிறீர்கள்]

இந்தச் சொல்லின்ர கடைசித் துண்டை மட்டும் பாருங்கோ: 'ஈர்கள்'. இதை முழுசாச் சொல்ல ஆருக்கும் நேரமில்லை. எல்லாரும் குறைக்கினம், ஆனா ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு இடத்தில வெட்டுது. சென்னையில 'ஈங்க' எண்டு ஆகுது: வர்றீங்க. தெற்கில 'ர்' போகுது, கடைசி 'ள்'ளும் போகுது, 'க' மட்டும் நிக்குது: வாரீக. கேள்வியாக் கேட்கேக்க போன 'ள்' திரும்பி வந்திடும்: வாரீகளா. யாழ்ப்பாணத்தில 'ர்'ரோட 'க'வும் போகுது, ஆனா 'ள்' கெட்டியா நிக்குது: வாறியள். ஒரே துணி, மூண்டு தையல்காரர்! அதாலதான் தூத்துக்குடிக்காரி பேசுறதைக் கேட்டு வெள்ளவத்தையில இருக்கிற அம்மம்மா ஆருடைய உதவியும் இல்லாமச் சிரிக்கிறா. அந்தத் தமிழ் அவவின்ர தமிழுக்குப் பக்கத்து வீடு.

கலைவிழாக்களில மனோரமா மாதிரிப் பேசிக்காட்டுற பிள்ளையள் பிழைக்கிற இடமும் இதுதான். குரலைக் கீச்செண்டு உயர்த்துவினம், கையை ஆட்டுவினம், ரெண்டு ஊர்ச்சொல் போடுவினம். மூண்டாவது வசனத்தில முடிவு 'றீங்க' எண்டு நழுவிடும். நழுவினதும் பாத்திரம் செத்துப்போகும். செய்யிறதெண்டால் முதல்ல முடிவுகளைப் பழகுங்கோ. ஒரே வினைச்சொல்லை எடுத்து நான், நீ, நீங்கள், அவ எண்டு நாலுக்கும் அந்த ஊர் முடிவை வாய் பிடிக்கும்வரை சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு வேகம். குரல் உயர்த்திறது கடைசி வேலை.

அடுத்தது 1968, 'தில்லானா மோகனாம்பாள்', ஜில் ஜில் ரமாமணி. நாடகக்காரி வேசம். சிவாஜி வாசிச்சதைக் கேட்டு அவ கேட்கிற கேள்வி ஞாபகம் இருக்கோ? உங்கட நாயனத்தில மட்டும்தான் இப்பிடிச் சத்தம் வருமோ, எல்லா நாயனத்திலயும் வருமோ எண்ட கேள்வி. மொழியைக் கவனியுங்கோ: நாதஸ்வரம் எண்டு சொல்லேல்ல, நாயனம் எண்டுதான் சொல்லுறா. முகத்தில ஒரு துளி நையாண்டி இல்லை. பெரிய கலைஞனைப் பார்த்து வாயடைச்சுப்போன இன்னொரு கலைஞி, உண்மையாவே தெரிஞ்சுகொள்ளக் கேட்கிறா. அந்த இடத்தில ஒரு கள்ளச்சிரிப்பு சிரிச்சிருந்தால் வசனம் கொச்சையாப் போயிருக்கும். என்னைக் கேட்டால், தமிழ்ச் சினிமாவின்ர ஆகச் சிறந்த நகைச்சுவைக் கேள்வி அதுதான்.

'சின்ன கவுண்டர்' படத்துக்கு மிதப்புப் பல் வைச்சு நடிச்சிருக்கிறா. பல் வெளிய தள்ளினால் உதடு மூடாது. உதடு மூடாட்டி ப, ம ரெண்டும் ஒழுங்கா வராது. அந்தப் பல்லோடயும் கொங்குத் தமிழ் எவ்வளவு தெளிவா விழுகுது எண்டு ஒருக்கா கண்ணை மூடிக் கேளுங்கோ. மைக் இல்லாத கொட்டகையில கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகின வாய் அது.

சரி, 'ஆச்சி' எண்டால் என்ன? எங்களுக்கு ஆச்சியெண்டால் பாட்டி. சிங்களத்திலயும் 'ஆச்சி' பாட்டிதான். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. ஆனா செட்டிநாட்டில பாட்டியை 'ஆயா' எண்டுதான் கூப்பிடுவினம். அங்க ஆச்சியெண்டால் அக்கா, குடும்பத்துப் பெண்ணுக்குக் குடுக்கிற மரியாதை. எண்டபடியால் அவவை ஆச்சி எண்டது வயசு போனதால இல்லை. பள்ளத்தூர்த் தொடர்புதான் காரணம்.

கடைசியா ஒண்டு. அதே 1968, 'பொம்மலாட்டம்' படம், சோவோட 'வா வாத்தியாரே வூட்டாண்ட'. இதில குரலும் மனோரமாவின்ர சொந்தக் குரல். நாடகத்தில பாடி நடிச்சவவுக்குப் பின்னணி எதுக்கு? 'வூட்டாண்ட'வைப் பிரியுங்கோ: வீட்டு அண்டை, வீட்டுக்குப் பக்கத்தில. நாங்கள் 'வீட்டடியில', 'கடையடியில' எண்டுறமே, வேற சொல், ஆனா அதே வேலை. அடுத்த வரியில 'வராங்காட்டி' எண்டு வரும், வராவிட்டால் எண்டு கருத்து. யாழ்ப்பாணத்தில 'வராட்டி'. மட்டக்களப்பில, மன்னாரில, மலையகத்தில, புத்தளத்தில உங்கட வீட்டில இதை எப்பிடிச் சொல்லுவினம்? ஊர்ப் பெயரோட கீழ எழுதுங்கோ. எழுத்தில சரியா வராட்டி குரல் பதிவா அனுப்புங்கோ. அதுதான் இன்னும் நல்லம்.