உடம்புக்குள் கிடக்கும் பீஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

அண்மையில் ஓர் ஐயா என்னிடம் கேட்டார்: "டொக்டர், என்ர முதுகில ஒரு செல் பீஸ் முப்பது வருசமாக் கிடக்கு. யுரேனியக் குண்டு எண்டு பேப்பரில வாசிச்சன். இதுவும் அப்படி நஞ்சோ?" செல் பீஸ் என்பது வெடித்த எறிகணையின் துண்டு. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அணு உலைக்கு வேண்டிய யுரேனியத்தைச் செறிவாக்கிய பிறகு மிஞ்சுவதுதான் செறிவு குறைந்த யுரேனியம். ஐயா வாசித்த குண்டு இதில் செய்வதுதான். ஈயத்தைவிட 1.7 மடங்கு அடர்த்தி. டாங்கியின் கவசத்தைத் துளைக்கும்போது மழுங்காது, கூராகிக்கொண்டே போகும். தீப்பற்றி நுண்தூளும் ஆகும். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படை ஏறத்தாழ 300 தொன் பயன்படுத்தியது. அப்போது தவறுதலாகத் தங்கள் டாங்கிகளையே சுட்டார்கள். உள்ளே இருந்து தப்பியவர்கள் சிலரின் தசைக்குள் துண்டுகள் தங்கிவிட்டன. எல்லாவற்றையும் வெட்டி எடுக்கப் போனால் தசைதான் சிதையும்.

அவர்களை 1993 முதல் பால்ட்டிமோரில் உள்ள முன்னாள் படையினர் மருத்துவமனை திரும்பத் திரும்ப அழைத்துச் சோதிக்கிறது. பல ஆண்டுகள் கழிந்தும் சிறுநீரில் யுரேனியம் கூடுதலாகவே வருகிறது. துண்டு மெல்ல மெல்லக் கரைகிறது, அவ்வளவுதான். கதிர்வீச்சு என்றதும் நடுங்குகிறோம். ஆனால் இது இயற்கை யுரேனியத்தைவிடக் கதிர்வீச்சுக் குறைந்தது. அதன் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது. தூளைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கவலை. இரத்தத்தில் கலந்தால் அது ஈயத்தைப் போல ஒரு பார உலோக நஞ்சு, முதலில் அடிபடக்கூடியது சிறுநீரகம். அந்தப் படையினரிடம் தெளிவான சிறுநீரகப் பாதிப்பு காணப்படவில்லை என்பது ஆறுதல். ஆனாலும் அது சிறிய குழு. அதை வைத்து எல்லோருக்கும் முடிவு சொல்ல நான் தயாரில்லை.

அந்தப் போருக்குப் போய் வந்த பலருக்கு நாட்பட்ட களைப்பும் வலியும் வந்தன; அதை வளைகுடாப் போர் நோய் என்பார்கள். அதற்கு இந்த யுரேனியமே காரணம் என்று பலர் நம்பினார்கள். 2021 இல் வந்த சிறுநீர் ஆய்வு ஒன்றில் நோயுள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் யுரேனியத்தில் வேறுபாடு தெரியவில்லை.

சரி, எங்கள் ஆட்களின் பீஸ்? செல்லின் கோது உருக்கு. அது யுரேனியம் போலக் கரைந்து சிறுநீரகத்தைத் தாக்காது. துவக்குச் சன்னத்தில் ஈயம் உண்டு; அது மூட்டுக்குள் கிடந்தால் கரையும், இரத்தத்தில் ஈயத்தைச் சோதிக்க வேண்டும். முப்பது வருடம் விடாமல் பார்க்கும் அந்தப் பழக்கம் இங்கேயும் வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

ஐயாவின் எக்ஸ்ரேயில் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. "படத்தைக் கவனமாக வைத்திருங்கோ. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் முதலில் அதைக் காட்டுங்கோ, காந்தம் இரும்பை அசைக்கும்" என்றேன்.