சொல்லும் அதன் கூட்டாளிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் டீ ஸ்ட்ராங்காக இருக்கும், கார் பவர்ஃபுல்லாக இருக்கும். 'பவர்ஃபுல் டீ' என்றாலும் புரியும்தான், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மழை வலுத்தால் 'ஹெவி ரெயின்', காற்று வலுத்தால் பெரும்பாலும் 'ஸ்ட்ராங் விண்ட்'. ஏன் என்று கேட்டால் இலக்கண விதி எதையும் காட்ட முடியாது. பேசிப் பேசி அப்படிப் படிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தச் சேர்க்கைகளைத் திரட்டும் வேலை லண்டனில் அல்ல, டோக்கியோவில் மும்முரமாக நடந்தது. அங்கே ஆங்கிலம் கற்பித்த ஹெரால்ட் பால்மர் 1933இல் இதைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டார். அவரோடு பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பியும் நண்பர்களும் தொகுத்த அகராதி 1942இல் அதே ஊரில் அச்சானது. எந்த வினைக்குப் பின்னால் என்ன வரலாம் என்பதை 25 வாய்பாடுகளாகப் பிரித்திருந்தார்கள். பிறகு 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்று நம் பிள்ளைகள் புரட்டும் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழிவந்ததுதான். தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. ஜப்பானிய மாணவர் தடுக்கி விழும் இடத்தில்தான் விஷயமே தெரிகிறது.

நாமும் தடுக்கி விழுகிறோம். 'டிஸ்கஸ் அபவுட்' நம் அலுவலகங்களில் தினமும் கேட்கும் தொடர். டாக் என்ற வினை அபவுட்டை ஏற்கும், டிஸ்கஷன் என்ற பெயர்ச்சொல்லும் ஏற்கும், டிஸ்கஸ் மட்டும் ஏற்காது. அதேபோல 'ஹி அட்வைஸ்டு மீ டு கோ' சரி, 'ஹி சஜஸ்டட் மீ டு கோ' தவறு. பொருள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் கூட்டு வேறு. எனவே சஜஸ்ட் என்றால் யோசனை கூறு என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்வதில் பாதிப் பயன்கூட இல்லை என்பேன்.

அப்புறம் கணினி வந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சிங்க்ளேர் குழுவினர் புத்தகம், பத்திரிகை, பேச்சு என்று புழக்கத்தில் உள்ள ஆங்கிலத்தைக் குவித்து அலசினார்கள். 1987இல் வெளியான கோபில்ட் அகராதி அந்த உழைப்பின் பலன். அதில் சிங்க்ளேர் கண்ட ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 'செட் இன்' என்ற வினைக்கு எழுவாயாக வருபவை எவை என்று வரிசையாகப் பார்த்தார். அழுகல், சிதைவு, விரக்தி, மோசமான வானிலை! பெரும்பாலும் வேண்டாத விருந்தாளிகள்தான். அகராதியில் 'தொடங்கி நிலைபெறு' என்று மட்டும் போட்டால் இந்த வாடை பிடிபடாது.

வாய்பாட்டுக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. 'டாக்ட் மீ இன்டு பையிங்' என்றால் பேசிப் பேசியே வாங்க வைத்துவிட்டார் என்று பொருள். டாக் இருக்கும் இடத்தில் ட்ரிக் போட்டால் ஏமாற்றி, புல்லி போட்டால் மிரட்டி, ஃபோர்ஸ் போட்டால் கட்டாயப்படுத்தி. ஒருவரை, இன்டு, பிறகு ஐ-என்-ஜியில் முடியும் சொல்: இந்த வரிசை வந்தாலே ஒருவரை வழிக்குக் கொண்டுவரும் வேலை நடக்கிறது என்று கொள்ளலாம். சார்ம் இனிமையான சொல்தானே? 'சார்ம்டு மீ இன்டு சைனிங்' என்று சொல்லிப் பாருங்கள். கையெழுத்துப் போட்டவருக்கு இப்போது கொஞ்சம் வருத்தம் இருக்கிறது என்று தோன்றுகிறதா? அந்த வருத்தம் சார்மிலும் இல்லை, சைனிலும் இல்லை. வரிசையில் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.