தமிழிலிருந்து நேரே பிரெஞ்சுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் பிரெஞ்சு படிக்கத் தொடங்கும்போது அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. 'ஐ ஆம் ரீடிங்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, 'ஜ சுயி லிசான்' என்பார். பிரெஞ்சில் அப்படி ஒரு வாக்கியமே கிடையாது. 'ஜ லி' என்றாலே போதும். தினமும் படிக்கிறேன் என்றாலும் 'ஜ லி'தான், இந்த நிமிஷம் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றாலும் 'ஜ லி'தான். எது என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் பிரித்தே சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் பிரெஞ்சிலும் தனி வடிவம் தேடுகிறவர் கையில் 'ஆன் த்ரேன் த' என்ற தொடர் அகப்படுகிறது. பிறகு எடுத்ததற்கெல்லாம் அதுதான்! ஆனால் அது அழுத்தத்துக்கான தொடர். 'இப்ப கூப்பிடாதே, படிச்சிட்டிருக்கேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் 'ஜ சுயி ஆன் த்ரேன் த லீர்' பொருந்தும்.

நம் ஊரில் பிரெஞ்சு வகுப்புகளில் விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அதனால் ஆங்கிலேயரின் தொல்லையை நம் பிள்ளைகளும் சேர்த்துச் சுமக்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் தமிழ் இந்த இடத்தில் பிரெஞ்சுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

'என்னடா பண்றே?' என்று அம்மா கேட்டால் 'படிக்கிறேம்மா' என்கிறோம். அது அப்படியே 'ஜ லி'. 'நாளைக்குக் கிளம்புறேன்' என்கிறோம். அவர்களும் நிகழ்காலத்திலேயே 'ஜ பார் தமேன்' என்கிறார்கள். இங்கே 'ஆன் த்ரேன் த' போட்டால் தவறு.

இன்னும் ஒன்று. பத்து வருஷமாக ஒரே ஊரில் குடியிருப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஹேவ் பீன் லிவிங்' என்று மூன்று சொற்களை அடுக்க வேண்டும். நாம் 'பத்து வருஷமா இங்கேதான் இருக்கேன்' என்று சாதாரண நிகழ்காலத்தில் முடித்துவிடுகிறோம். பிரெஞ்சுக்காரரும் அதேபோல 'ஜாபித் இசி தெப்புயி தீஸ் ஆன்' என்கிறார். 'வருஷமா' என்பதில் நாம் சேர்க்கும் அந்த 'ஆ' செய்யும் வேலையை அங்கே 'தெப்புயி' செய்கிறது.

உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான். 'ஹி இஸ் சிட்டிங்' என்பது ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருக்கும் செயல். தமிழில் உட்கார்ந்தாயிற்று, அந்த நிலையில் இருக்கிறான். பிரெஞ்சிலும் 'இல் எத் அசி', அதாவது அமர்ந்த நிலை. 'படிச்சுக்கிட்டே சாப்பிடுறான்' என்பதற்கு 'இல் மான்ஜ் ஆன் லிசான்'. முதலில் தவறாக வந்த 'லிசான்', முன்னால் ஓர் 'ஆன்' சேர்ந்ததும் இங்கே சரியாக உட்காருகிறது.

இறந்தகாலத்தில் மட்டும் கவனம் தேவை. 'படிச்சிட்டிருந்தேன், போன் வந்துச்சு' என்பதில் முதல் பாதிக்கு 'ஜ லிசே' என்ற ஒரே வினைவடிவம் போதும். ஆனால் 'சின்ன வயசில் நிறையப் படிப்பேன்' என்பதற்கும் அதே 'ஜ லிசே'தான். நாம் இரண்டாகப் பிரித்துச் சொல்வதை அவர்கள் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். அதனால் இந்த ஒரு வடிவத்தை மட்டும் தமிழ் வாக்கியங்களை வைத்து எழுதி எழுதிப் பழகுங்கள்.

நன்றி, வணக்கம்.