பழைய அட்டையைத் தேடி எடுங்கள்

(கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மகளிர் குழுக் கூட்டத்தில் நான் பேசியது)

மாங்காய் சீசனில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாசமாக இருந்தபோது குளுக்கோஸ் தண்ணீர் குடித்தது ஞாபகம் இருக்கிறதா? 75 கிராம். குமட்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பவும் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்பார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று நம் மாநிலம் 2007இலேயே ஆணை போட்டது. அதன் பின்னால் மருத்துவர் வீ. சேஷையாவின் உழைப்பு இருக்கிறது.

நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்குத் தடை போடுவதால் ஏறும் சர்க்கரை அது. நஞ்சு விழுந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். "அதெல்லாம் அப்பவே போயிருச்சுங்க" என்கிறீர்கள். சரி, போய்விட்டது. ஆனால் நம் ஊர்க் கிணறு உங்களுக்குத் தெரியாததா? ஒரு கோடையில் வற்றிய கிணறு மழைக்கு நிரம்பினாலும், அடுத்த கோடையில் முதலில் வற்றுவது அதுதானே!

50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. பிரசவமான முதல் பத்து வருடத்திலேயே அந்த வித்தியாசம் தெரிகிறது. என்னை உறுத்தியது இன்னொன்று: பிற்பாடு சர்க்கரை நோயே வராத பெண்களுக்கும் ஆபத்து ஒன்றரை மடங்கு இருந்தது. பயப்படாதீர்கள், இளவயதில் மாரடைப்பு வருவதே குறைவு. அதில்தான் இந்த மடங்குக் கணக்கு.

மண்டியில் கூடை தூக்கும் ஒரு அம்மா, வயது 44. முதுகும் தாடையும் வலித்து, வேர்த்துக் கொட்டியிருக்கிறது. வாய்வு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் இசிஜி எடுத்தபோது மாரடைப்பு. கடைசிப் பிரசவத்தில் சர்க்கரை இருந்ததை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காதவர்களில் நானும் ஒருத்தி.

பிரசவமான ஆறாவது வாரம் அந்தக் குளுக்கோஸ் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும்போது உங்களுக்கும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் வருடா வருடம் சர்க்கரை, பிரஷர், கொழுப்பும் அவ்வப்போது. தாய்ப்பால் கொடுப்பது உங்களுக்கும் நல்லது. களி தின்றால் சர்க்கரை ஏறாது என்பது பாதிதான் உண்மை. இரண்டு உருண்டை தின்றால் ஏறத்தான் செய்யும்; ஒன்றாக்கி, கீரைக் கடைசலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் அன்றைக்குச் சர்க்கரை இருந்ததைச் சொல்லும் பழைய கர்ப்ப அட்டை உங்கள் டிரங்குப் பெட்டியில்தானே கிடக்கிறது? எந்த டாக்டரிடம் போனாலும் அதை நீட்டுங்கள். தொலைத்தவர்கள் வாயால் சொல்லுங்கள், மூத்த பிள்ளைக்குக் கல்யாணமே ஆகியிருந்தாலும்.

பிரஷர் மெஷின் அந்த வேப்ப மரத்தடி மேசையில் இருக்கிறது. கூலிக்குப் போக வேண்டியவர்கள் முதலில் வாருங்கள்.