ராத்திரி கார் எங்கே நிற்கும்?

வணக்கம் நேயர்களே. எலெக்ட்ரிக் காரை லீசுக்கு எடுப்பது, அதாவது சொந்தமாக வாங்காமல் மாதத் தவணை கட்டிச் சில வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் கார் விற்கிறவன் இல்லை. விலை குறைந்த ஒரு சின்ன எலெக்ட்ரிக் காரை மூன்று வருடம் லீசில் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவன். அந்த மூன்று வருடத்தில் எந்தப் பணம் கண்ணுக்குத் தெரிந்து போனது, எந்தப் பணம் தெரியாமலே போனது என்று உங்களிடம் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

லீஸ் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிற எல்லோரும் மாதத் தவணையில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு: ராத்திரி கார் எங்கே நிற்கும்? அந்த இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறதா, இல்லையென்றால் வைக்க முடியுமா, வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா, அடுக்குமாடி என்றால் சங்கத்தில் அனுமதி கிடைக்குமா? இதற்குப் பதில் தெரியாமல் தவணைக் கணக்குப் போடுவதில் அர்த்தமே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். 230 வோல்ட் மின்சாரம் உள்ள ஊர்களில், 10 ஆம்பியர் எடுக்கிற சாதாரண பிளக்கில் காரைப் போட்டால் மணிக்கு 2.3 யூனிட் போகும். ராத்திரி பத்து மணி நேரத்தில் 23 யூனிட். வழியில் கொஞ்சம் வீணாகி, பேட்டரிக்குள் 20 யூனிட் சேரும் என்று வையுங்கள். சின்ன கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடும். அப்படியென்றால் நீங்கள் தூங்கி எழுவதற்குள் 120 கிலோமீட்டருக்கு மேல் தயார். தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மூன்று மணி நேரம் போதும். பெரிய சார்ஜர் எதுவும் தேவைப்படாத வீடுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அந்தப் பிளக்குக்கு மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், நல்ல எர்த், கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற டிரிப்பர், இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும். ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஏற்கெனவே தொங்குகிற பழைய ஒயரில் காரையும் மாட்டி, தினமும் பத்து மணி நேரம் ஓட விட்டால் பிளக் உருகும். நான் பார்த்திருக்கிறேன். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது. எலெக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கிற காசை லீசின் செலவாகவே முதல் நாளில் எழுதி வைத்துவிடுங்கள், ஏனென்றால் அது எந்த லீஸ் ஒப்பந்தத்திலும் வராது.

வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லை, வெளியில் உள்ள ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்ப வேண்டும் என்றால் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. பல இடங்களில் அங்கே ஒரு யூனிட் வீட்டு விலையைப் போல இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். பத்து சதவீதத்திலிருந்து எண்பது வரைக்கும் அரை மணி, முக்கால் மணியில் ஏறும், எண்பதுக்கு மேல் மெதுவாகிவிடும், அதனால் வரிசையில் நின்று நூறு வரை காத்திருப்பது உங்களுக்கும் வீண், பின்னால் நிற்கிறவருக்கும் வீண். வெளி சார்ஜர் மட்டும்தான் கதி என்கிறவரிடம், இப்போதைக்கு லீஸ் எடுக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

சரி, பிளக் இருக்கிறது. இப்போது தவணைக்கு வருவோம். பேனா பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரின் விலை பத்தாயிரம் என்று வைப்போம். எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், கணக்கு ஒன்றுதான். மூன்று வருடம் கழித்து அது 5,500க்குப் போகும் என்று லீஸ் கம்பெனி முன்கூட்டியே முடிவு செய்கிறது. இதற்கு எச்ச மதிப்பு என்று பெயர். இடையில் குறைகிற 4,500ஐ 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 125. அப்புறம் வட்டி. பத்தாயிரத்துக்கும் 5,500க்கும் நடுவில் சராசரியாக 7,750 உங்கள் கையில் கடனாக நிற்கிறது. வருடத்துக்கு எட்டு சதவீத வட்டி என்றால் அதற்கு மாதம் சுமார் 52. ஆக மொத்தம் மாதம் 177. லீஸ் தவணை என்பது இவ்வளவுதான், விலை இறக்கமும் வட்டியும். காரின் முழு விலையை நீங்கள் கட்டுவதில்லை, அது இழக்கிற மதிப்பையும் வட்டியையும் மட்டும் கட்டுகிறீர்கள்.

விளம்பரத்தில் அதே காருக்கு மாதம் 149 என்று போட்டிருப்பார்கள். கீழே பொடி எழுத்தில் முன்பணம் 900 என்று இருக்கும். 149ஐ 36ஆல் பெருக்கி 900ஐக் கூட்டுங்கள், 6,264 வரும். முன்பணமே இல்லாத 177ஐ 36ஆல் பெருக்கினால் 6,372. முழு மூன்று வருடத்துக்கும் வித்தியாசம் 108தான். ஆனால் காதில் விழும்போது 149க்கும் 177க்கும் எவ்வளவு தூரம்! இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவது மாதமே கார் விபத்தில் முழுசாகப் போய்விட்டால், இன்சூரன்ஸ் பணம் காரின் சொந்தக்காரரான லீஸ் கம்பெனிக்குப் போகும், நீங்கள் கொடுத்த முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. அதனால் முன்பணம் இல்லாத லீஸ், இல்லையென்றால் மிகக் குறைந்த முன்பணம், இதுதான் என் கட்சி. கூடவே, இன்சூரன்ஸ் கொடுப்பதற்கும் லீஸ் பாக்கிக்கும் நடுவில் விழுகிற இடைவெளியை யார் ஈடுகட்டுவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

எலெக்ட்ரிக் காருக்கு லீஸ் ஏன் பொருந்துகிறது என்பதற்கும் விடை அந்த எச்ச மதிப்பில்தான் இருக்கிறது. ப்ளூம்பெர்க் என்இஎஃப் என்கிற எரிசக்திச் சந்தை ஆய்வு நிறுவனம் நடத்தும் கணக்கெடுப்பின்படி, 2010இல் ஒரு யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியின் விலை ஆயிரம் டாலருக்கு மேல், 2024இல் 115 டாலர். புது பேட்டரி மலிவாக ஆக, ஓட்டிய காரின் விலையும் சேர்ந்து இறங்கும். ஹெர்ட்ஸ் என்கிற பெரிய வாடகைக் கார் நிறுவனம் 2024 ஜனவரியில் தன்னிடமிருந்த இருபதாயிரம் எலெக்ட்ரிக் கார்களை விற்கப் போவதாக அறிவித்தது. அந்தக் கார்களின் மதிப்பு இறங்கியதற்காகப் பெரிய தொகையை நஷ்டமாகக் கணக்கில் எழுத வேண்டி வந்தது. காரோடு பழகிய அவ்வளவு பெரிய கம்பெனியே தப்புக் கணக்குப் போட்ட இடத்தில், சேமித்த காசையெல்லாம் போட்டு வாங்குகிற ஒரு குடும்பம் எப்படித் தாங்கும்? லீசில், முன்கூட்டிப் போட்ட கணக்கை மீறுகிற இறக்கம் கம்பெனியின் தலையில் விழுகிறது. 5,500க்குப் போகும் என்று அவர்கள் எழுதிய கார் 4,000க்குத்தான் போனாலும், சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போகலாம். மாறாக 6,500க்குப் போகும் நிலை வந்தால், ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்ளும் உரிமை இருந்தால் 5,500க்கே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த உரிமை எல்லா லீசிலும் இருக்காது, அதனால் கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

மானியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு மானியம் இருந்தால் அது பொதுவாகக் காரின் சொந்தக்காரருக்குப் போகும். லீசில் சொந்தக்காரர் நீங்கள் இல்லை. அதை விலையில் கழித்தார்களா என்று கேளுங்கள். கழித்திருந்தால் கணக்குத் தாளில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது கிலோமீட்டர் வரம்பு. நான் அடிபட்ட இடம் இது. வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் என்று கையெழுத்துப் போட்டேன். நாளுக்கு 41 கிலோமீட்டர், வேலைக்குப் போய் வர 28தான், தாராளம் என்று நினைத்தேன். ஆனால் எலெக்ட்ரிக் காரில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகிற செலவு குறைவு என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் அதைத்தான் எடுக்க ஆரம்பித்தார்கள். பழைய பெட்ரோல் கார் தூசி படிந்து நின்றது, அம்மாவின் ஆஸ்பத்திரிப் பயணங்கள் எல்லாம் இதில்தான். இரண்டு வருடத்தில் 37,000 ஓடிவிட்டது. மீறுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கட்டணம் உண்டு, கடைசியில் மொத்தமாக வரும். நல்லவேளையாக நடுவில் வரம்பை உயர்த்திக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் இருந்தது, தவணை கொஞ்சம் கூடியது, அபராதத்தை விட அது குறைவு. அதனால் இப்போது ஓடுகிற தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வீட்டில் உள்ள எல்லா வண்டியின் ஓட்டமும் இதன் மேல் வந்து ஏறும் என்று வைத்தே போடுங்கள்.

மின்சாரச் செலவையும் அப்படியே பாருங்கள். 15,000 கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து சுமார் 2,600 யூனிட் போகும், மாதம் 200க்குக் கொஞ்சம் மேல். அதிகம் பயன்படுத்தினால் யூனிட் விலை ஏறுகிற ஊரில் இந்த 200 யூனிட்டும் மேல் படியில்தான் விழும், அதனால் சராசரி விலையால் பெருக்காமல் அந்த மேல் படி விலையால் பெருக்குங்கள். ராத்திரிக்குத் தனிக் கட்டணம் உள்ள ஊராக இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள், காரிலேயே நேரம் குறித்து வைக்கலாம்.

பராமரிப்பு குறைவுதான். எஞ்சின் ஆயில் இல்லை, மோட்டாரே வண்டியை நிறுத்த உதவுவதால் பிரேக் கட்டைகள் நீண்ட நாள் வரும். டயர்தான் செலவு. பேட்டரியால் வண்டி கனமாக இருக்கிறது, மிதித்த உடனே இழுவை வருகிறது, டயர் சீக்கிரம் தேயும். அதை மாற்றுவது யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அப்புறம், பெரிய பேட்டரி தவிர எலெக்ட்ரிக் காரிலும் பழையபடி ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. ஒரு நாள் காலை என் கார் கதவே திறக்கவில்லை. முந்தின ராத்திரி அறுபது சதவீதம் சார்ஜ் இருந்த கார், செத்த மாதிரி நின்றது. அந்தச் சின்ன பேட்டரிதான் போயிருந்தது. மெக்கானிக் வந்து சாவிக்குள் ஒளிந்திருந்த சின்னக் கம்பிச் சாவியால் கதவைத் திறந்து, பதினைந்து நிமிடத்தில் மாற்றிவிட்டார். அன்றைக்குப் போக வேண்டிய இடத்துக்குப் போக முடியவில்லை என்பதுதான் வருத்தம். இப்படி நடுவில் நின்றால் யார் வருவார்கள், அது தவணையில் சேர்ந்ததா என்று கேட்டு வையுங்கள்.

பெரிய பேட்டரியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான கார் கம்பெனிகள் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இதில் எது முந்தியோ அது வரை, கொள்ளளவு எழுபது சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் தருகிறார்கள். மூன்று வருட லீஸ் அதற்குள் அடங்கிவிடும். காரை விற்று, பேட்டரியை மட்டும் மாத வாடகைக்கு விடுகிற ஏற்பாடும் உண்டு. ரெனோ கம்பெனி ஸோயி காரை ஐரோப்பாவில் அப்படித்தான் கொண்டுவந்தது, சீனாவில் நியோ 2020இல் ஆரம்பித்தது. ஆனால் அதில் கார் உங்களுடையது, விலை இறக்கமும் உங்களுடையது. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

இதெல்லாம் வசதியானவர்களுக்குத்தானே என்று சிலர் கேட்கிறார்கள். பிரான்ஸ் அரசு 2024 ஜனவரியில் வருமானம் குறைந்தவர்களுக்கென்றே மானியத்தோடு எலெக்ட்ரிக் கார் லீஸ் திட்டம் கொண்டுவந்தது. விண்ணப்பங்கள் குவிந்து, பிப்ரவரியிலேயே அந்த வருடத்துக்கு நிறுத்த வேண்டி வந்தது. வேலையிடம் 15 கிலோமீட்டருக்கு மேல் இருந்து சொந்தக் காரில் போகிறவர்கள், வேலைக்காக வருடம் 8,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்கள் என்று பார்த்துக் கொடுத்தார்கள். சரியான ஆட்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். தினமும் ஒரே பாதையில் அளவான தூரம் ஓட்டுகிறவருக்குத்தான் இந்தக் கணக்கு முழுசாகக் கைகூடும்.

நடுவில் வேலை போனால், ஊர் மாறினால் என்ன ஆகும் என்பதையும் படித்துவிடுங்கள். பல ஒப்பந்தங்களில் மீதித் தவணைகளில் பெரும்பகுதியைக் கட்டினால்தான் விடுவிப்பார்கள். நான் பார்த்ததில் லீசின் மிகக் கடுமையான பக்கம் இதுதான். அடுத்த மூன்று வருடம் வருமானம் நிச்சயமில்லை என்கிறவர் குறுகிய காலச் சந்தாவாகவோ, நல்ல நிலையில் உள்ள பழைய காராகவோ தேடுவது மேல்.

கடைசியாக, திருப்பிக் கொடுக்கிற நாள். காரைச் சோதித்து வாங்கிக்கொள்ள லீஸ் கம்பெனி சார்பில் ஒருவர் டார்ச் விளக்கும், கையகல அட்டை ஒன்றும் வைத்துக்கொண்டு வந்தார். அட்டையில் வட்டங்களும் கோடுகளும். கீறலின் மேல் அட்டையை வைப்பார், கோட்டுக்குள் அடங்கினால் சாதாரணத் தேய்மானம், தாண்டினால் காசு. முன் சக்கரத்தின் ரிம்மில் நடைபாதை ஓரம் உரசிய தழும்பு ஒன்று தாண்டிவிட்டது. பின் கதவில் இருந்த கீறலுக்கும் எழுதப் போனார். அது வண்டி எடுத்த நாளே இருந்தது, தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தேன், காட்டியதும் எழுதாமல் விட்டுவிட்டார். அதனால் எடுக்கிற நாளிலேயே நான்கு பக்கமும், நான்கு ரிம்மும், உள்ளே சீட்டும், கிலோமீட்டர் காட்டும் திரையும் படம் பிடித்து வையுங்கள். இரண்டாவது சாவி, சார்ஜ் கேபிள் இரண்டையும் முந்தின ராத்திரியே காருக்குள் வைத்துவிடுங்கள், கேபிள் தொலைந்தால் அதன் விலை சின்னது இல்லை. சாவியை நீட்டுவதற்கு முன்னால் காரின் திரையில் உட்கார்ந்து உங்கள் வீட்டு முகவரி, போன் எண்கள், ஆப் கணக்கு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். நான் அதை அழிக்கப் பத்து நிமிடம் ஆனது, டார்ச் வைத்திருந்தவர் பொறுமையாக வெளியே நின்றார்.