வரையாமல் விட்ட இடம்

(கோபிசெட்டிபாளையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

காமிக்ஸ் எப்படி வரைகிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முன்னால் பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பின்வரிசையில், பாடப் புத்தகத்துக்குள் முத்து காமிக்ஸை ஒளித்து வைத்துப் படித்த தலைமுறை இருக்கிறது. அந்த இரண்டு வரிசைக்கும் தெரிந்த ஓர் ஆளிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்: இரும்புக்கை மாயாவி.

இவர் 1962-இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் பிறந்தவர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. தமிழுக்கு 1972-இல் முத்து காமிக்ஸ் கொண்டு வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். எழுதுகிறவருக்கு இது ஒரு வரியில் முடிந்துபோகும். வரைகிறவர் நிலைமையை யோசித்துப் பாருங்க. காலியான அறை, கதவுப் பிடியில் ஒரு கை, அவ்வளவுதான் படம். ஆனால் அந்த ஆள் குனிந்து நிற்கிறாரா, நிமிர்ந்து நிற்கிறாரா, எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. கை இருக்கும் உயரமும் மணிக்கட்டின் சாய்வும் அதைச் சொல்லிவிடுகின்றன. பக்கத்தில் யாராவது மிரண்டு பார்த்தால் மிச்சமும் புரிந்துவிடும். இல்லாத உடம்பை நாமே வரைந்துகொள்கிறோம்.

எனக்கு இந்தக் கலையில் பிடித்ததே இதுதான். படம் அழகாக வரைகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதை வரையாமல் விடலாம் என்று தெரிந்தவர்தான் காமிக்ஸ் ஓவியர்.

ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சந்து இருக்கிறதே, அதைப் பாருங்க. அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்கிளவுட் 1993-இல் காமிக்ஸைப் பற்றி காமிக்ஸாகவே ஒரு புத்தகம் வரைந்தார். அந்தச் சந்தில்தான் வாசகரின் மனம் வேலை செய்கிறது என்று அதில் விளக்கியிருப்பார். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்னால் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்க அப்புச்சி தோட்டத்தில் ஒரு கிணறு. பாறையை வெட்டி இறக்கிய கிணறு, எட்டிப் பார்த்தாலே அடிவயிறு கூசும். ஒரு பையன் அதில் குதிப்பதை வரைய நினைத்தேன். ஒரே அளவில் ஆறு கட்டம் போட்டேன். நிற்கிறான், குனிகிறான், எகிறுகிறான், விழுகிறான், இன்னும் விழுகிறான், தண்ணீர் தெறிக்கிறது. எல்லாம் இருந்தது, ஆழம் மட்டும் வரவில்லை. பத்து நாள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம் மூன்றே கட்டத்தில் வரைந்தேன். முதல் கட்டம் சின்னது: கிணற்று விளிம்புக் கல்லைப் பிடித்திருக்கும் கால் விரல்கள் மட்டும். இரண்டாவது கட்டம் தாளின் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒல்லியாக, நீளமாக. பையன் அதன் உச்சியில் கட்டைவிரல் அளவுக்குத்தான் இருப்பான். கீழே முழுக்கப் பாறை, உளித் தழும்பு, வெடிப்பில் முளைத்த செடி, தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு. பையனை நடுவிலோ அடியிலோ வைத்தால் விழுந்து முடித்துவிட்டான் என்று ஆகிவிடும். உச்சியில் வைத்தால், படிக்கிறவர் கண் அந்தப் பாறை வழியாக இறங்கியே ஆக வேண்டும். மூன்றாவது கட்டத்தில் கிணறே கிடையாது. வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த அமுச்சி தலையைத் திருப்புகிறார். கட்டத்தின் ஓரத்திலிருந்து ‘தொபுக்கடீர்’ என்று எழுத்து உள்ளே வருகிறது. தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட நான் வரையவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் தெறித்ததைப் பார்த்தேன் என்றார்கள்.

அந்தத் ‘தொபுக்கடீர்’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சத்தத்துக்குத் தமிழில் இருக்கிற சொற்கள் ஒரு புதையல்: சரசர, பளார், மளமள, விர்ர். இவற்றைக் கடைசியில் கம்ப்யூட்டர் எழுத்தில் ஒட்டாதீர்கள். பென்சில் போடும்போதே படத்தோடு படமாக வரையுங்கள். ‘தொ’ வீங்கி நிற்கட்டும், ‘ர்’ தேய்ந்து போகட்டும்.

பேச்சுக் குமிழுக்கும் இதே கதைதான். ஆங்கில காமிக்ஸில் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம், வரிகளை நெருக்கி அடுக்கலாம். நமக்கு ‘கீ’ மேலே கொம்பு நீட்டும், ‘கூ’ கீழே சுழிக்கும், சொற்களும் நீளம். அதனால் முதலில் குமிழ், பிறகுதான் முகம். குமிழ்களை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகக் கண் போகும் வழியில் வையுங்கள். வசனம் கொள்ளவில்லையா, வசனத்தைக் குறையுங்கள். எழுத்தைச் சிறிதாக்காதீர்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அச்சில் வரும் அளவைப் போல ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவது வழக்கம், சுருக்கும்போது கோடு கூர்மையாகும். வெளிர் நீலப் பென்சிலில் முதலில் வரைந்தார்கள், அச்சுக் காமிரா அந்த நிறத்தைப் பிடிக்காது என்பதால் அழிக்கத் தேவையில்லை. அதன் மேல் தொட்டெழுதும் நிப்பு, மெல்லிய பிரஷ், கறுப்பு மை. பிளாஸ்கோ பாதி முகத்தைக் கறுப்பில் மூழ்கடிப்பார். டின்டினை வரைந்த எர்ஜே நிழலையே தள்ளிவிட்டு ஒரே சீரான கோட்டில் உலகத்தைக் கட்டினார். இரண்டுமே விடுவதில்தான் நிற்கிறது.

திருப்பூர் பிரிண்டிங் பட்டறைக்குப் போனவர்களுக்கு நிறம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது சாயத்தை இறக்கும் வலைச் சட்டம்; அது அரை மில்லிமீட்டர் விலகினாலும் பொம்மைக்கு இரண்டு உதடு வந்துவிடும். வெள்ளை பனியனில் வெள்ளைக்கென்று ஸ்கிரீன் கிடையாது, துணியை அப்படியே விட்டுவிடுவார்கள். புத்தகத்தில் அந்த வேலையைத் தாள் செய்கிறது.

கடைசியாக, நம்ம மண்ணின் கதை. அண்ணமார் சாமி கதையை, அதாவது பொன்னர் சங்கர் கதையை, உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கேயம் பக்கம் தங்கி அதைப் பதிவு செய்தார். பிற்பாடு 26 பகுதி அனிமேஷனாகவும் படக்கதையாகவும் கொண்டு வந்தார். எனக்கு அதில் கொம்பன் பன்றி வரும் இடம்தான் மனதில் நிற்கிறது. நான் கேட்ட பாடகர் பன்றி வெளியே வருவதற்கு முன்னால் உடுக்கையை நிறுத்தினார். கூட்டமே மூச்சை அடக்கியது. தாளில் உடுக்கையை எப்படி நிறுத்துவது? வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் காதைத் தூக்கிய வேட்டை நாய் மட்டும் இருக்கட்டும். பன்றி, தாளைத் திருப்பிய பிறகு இடது பக்கம் முழுக்க வரட்டும்.

சரி கண்ணுகளா, நோட்டை மூடி வையுங்க. ஏ3 தாள் கொண்டு வந்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று. உங்க தெருவில் இன்று காலை நடந்த ஏதாவது ஒன்று, மூன்றே கட்டம். எந்தக் கட்டத்தில் எதை விடப்போகிறீர்கள் என்று முதலில் என்னிடம் வந்து சொல்லுங்க, அப்புறம் பென்சிலை எடுக்கலாம்.