முதல் 10 கஸ்டமர்ல எத்தனை பேர் உங்க சொந்தக்காரங்க?

[திரையில்: 10 பெயர் கொண்ட பட்டியல். ஒவ்வொன்றாகக் கோடு விழுகிறது.]

ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சு 10 கஸ்டமர் வந்தாச்சா? பட்டியலை எடுங்க. மாமா, சித்தப்பா பையன், கோயில் கமிட்டியில கூட இருக்கறவர், எல்லாரையும் அடிங்க. மிச்சம் எத்தனை? தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்கற சாட்ஸ்வொர்த்துல தொழில் தொடங்கினா முதல்ல சொந்தபந்தம்தான் வாங்கும். தப்பில்ல. ஆனா அவங்க வாங்கினது உங்க முகத்துக்காக. சொந்தம் தீர்ந்தா விற்பனையும் தீர்ந்துடும்.

வணக்கம் மக்களே! யாருக்கு, எந்த வழியா, என்ன விலைக்கு விக்கறோம்ங்கறதுதான் கோ-டு-மார்க்கெட். விளக்கம் முடிஞ்சது. அதைத் திரும்பத் திரும்ப நடத்திக் காட்டறதுதான் கஷ்டம்.

[திரையில்: பன்னி சௌ. கேமரா மெதுவா நெருங்குது.]

டர்பன்ல கடைக்குப் போய் 'குவாட்டர் மட்டன்'னு சொல்லுங்க. (சென்னைக்காரங்க வேற குவாட்டரை நினைக்காதீங்க!) கால் ரொட்டி, நடுவுல குடைஞ்ச குழியில கறி, தோண்டி எடுத்த துண்டு மேல, பக்கத்துல சாம்பல்ஸ்ங்கற கேரட் சாலட். இதுதான் பன்னி சௌ. ஓனர் கல்லாவுல இருந்தாலும் ஊருக்குப் போயிருந்தாலும் கைக்கு வர்றது அதேதான். சாப்பாட்டுப் பேரைக்கூட யாரும் சொல்றதில்ல, அளவைச் சொன்னாலே போதும். எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கல. உங்க விற்பனைக்கும் இந்த மாதிரி ஒரு அளவு வேணும்.

கேட்டரிங் ஆர்டருக்கு ஒரு சாஃப்ட்வேர் விக்கறீங்கன்னு வெச்சுக்குவோம். 'கேட்டரிங் பண்றவங்க எல்லாரும்'னு கிளம்பாதீங்க. வாரம் 3 விசேஷத்துக்கு மேல எடுக்கறவங்க, ஆர்டரை வாட்ஸ்அப்ல வாங்கி நோட்டுல எழுதறவங்க, இவங்க மட்டும். அதுலயும் முன்பின் தெரியாத 30 பேர். பேசின தேதி, டெமோ, ட்ரையல், பணம் கட்டின தேதி, வாங்காம நின்னுட்டா அதுக்குக் காரணம்னு 5 கட்டம் போடுங்க. காரணத்தை அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்க. 'விலை ஜாஸ்தி'ன்னு ஒருத்தர் சொல்வார். இன்னொருத்தர் 'ஆர்டர் எடுக்கறது என் வீட்டம்மா, அவங்களுக்குப் புரியல'ம்பார். ரெண்டாவது ஆளுக்கு விலையைக் குறைச்சா ஒண்ணும் நடக்காது, டெமோவைத் தப்பான ஆளுக்குக் காட்டியிருக்கீங்க. 30 பேர் முடியற வரை விலை, பேச்சு, ஆள் மூணையும் ஒண்ணா மாத்தாதீங்க. எது வேலை செஞ்சதுன்னு அப்புறம் தெரியவே தெரியாது.

நம்பர் லிஸ்ட் வாங்கி வாட்ஸ்அப்ல அள்ளி வீசற ஐடியா இருந்தா விட்டுடுங்க. தென்னாப்பிரிக்காவோட போப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம், 69வது பிரிவு: உங்க கஸ்டமரா இல்லாதவருக்கு விளம்பரம் அனுப்ப சம்மதம் வேணும், அந்தச் சம்மதத்தையும் ஒரே ஒரு தடவைதான் கேக்கலாம். அதுக்குப் பதிலா கல்யாண ஹால் மேனேஜரைப் போய்ப் பாருங்க, எல்லா கேட்டரரும் அவருக்குத் தெரிஞ்சவங்கதான்.

[திரையில்: கணக்கு.]

ஒரு மாசம் சம்பளம், பெட்ரோல், உங்க நேரத்துக்கான கூலி எல்லாம் சேர்த்து 18,000 ரேண்ட். வந்தது 6 பேர். தலைக்கு 3,000. மாசச் சந்தா 450, அதுல செலவு 90 போக நிக்கறது 360. போட்டதை எடுக்கவே 8 மாசத்துக்கு மேல ஆகும். மாசம் பத்துல ஒருத்தர் விலகினா சராசரி ஆயுள் 10 மாசம், மொத்தம் 3,600. கையில மிஞ்சறது 600. உங்க நேரத்துக்குக் கூலி போடாம விட்டிருந்தா இதே கணக்கு அமோகமா தெரிஞ்சிருக்கும்!

ஒரு மாசத்தை வெச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க. புரட்டாசியில மட்டன் ஆர்டர் படுத்துடும், டிசம்பர் நடுவுல பாதி ஊரே லீவு.

கடைசிப் பரீட்சை: நீங்க பேசற பேச்சை எழுதிக் கொடுத்து, சேல்ஸுக்கு ஒருத்தருக்குப் பதிலா ரெண்டு பேரை வைங்க. ரெண்டு பேரும் வித்தா முறை சரி. ஒருத்தர் மட்டும் வித்தா அது அவரோட வாய்ச் சாமர்த்தியமா இருக்கலாம். யாருமே விக்கலைன்னா, இதுவரை வித்தது நீங்கதான், உங்க முறை இல்ல.

கோடு போட்ட பிறகு மிச்சம் எத்தனைன்னு கமெண்ட்ல போடுங்க. பூஜ்யம்னாலும் போடுங்க, மாமாகிட்ட சொல்ல மாட்டோம்.